தனக்குள் சிக்கிய கவனம்

தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவரைக் குறிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தன்னலக்காரர், தலைக்கனம் பிடித்தவர், தற்பெருமைக்காரர், சுயபுராணம் பாடுகிறவர். எல்லாமே வசவுகள். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளைச் சுட்டுகிறது என்பதைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். தன்னலக்காரருக்கு மற்றவர்களைப் பற்றி நன்றாகவே தெரியும். தெரியாமல் காரியம் சாதிக்க முடியாது. எதிராளி எப்போது இளகுவார், எதை மறுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டுத்தான் கேட்பார். தற்பெருமைக்காரருக்குக் கைதட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். இங்கே பேசப்போவது இந்த இருவரையும் பற்றியல்ல. பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு வாரமாக வாடிப்போயிருப்பதைப் பார்க்கவே பார்க்காத ஒருவர், பார்த்திருந்தால் முதல் ஆளாக எழுந்து போய் விசாரித்திருப்பவர்: அவரைப் பற்றி. மனம் நல்லதுதான். கவனம்தான் வெளியே வரமாட்டேன் என்கிறது. தன்னில் மூழ்கியவர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. தன்னலத்துக்குச் சொல்லும் மருந்து இங்கே வேலை செய்யாது. "கொஞ்சம் மற்றவர்களையும் நினை" என்று தன்னில் மூழ்கியவரிடம் சொன்னால், "நான் அவ்வளவு மோசமா?" என்று யோசிக்கப் போய்விடுவார். அந்த யோசனையிலும் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

ரிக் இங்ராம் என்ற அமெரிக்க உளவியலாளர், மனநலக் கோளாறுகளில் தன்மீது திரும்பும் கவனத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1990-இல் எழுதியபோது, இந்த நிலைக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். கவனம் அளவுக்கு மீறித் தன்மேல் இருக்கிறது. வெகுநேரம் அங்கேயே தங்குகிறது. வெளியே வந்தே ஆகவேண்டிய சமயத்திலும் அங்கிருந்து நகர மறுக்கிறது. இந்த மூன்றாவதுதான் உயிர்நாடி. பல்வலிக்காரருக்கு உலகமே அந்த ஒரு பல்தான். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவரும், துக்கத்தில் இருப்பவரும், பிறந்த குழந்தையோடு தூக்கமில்லாமல் கிடப்பவரும் அப்படித்தான். அவர்களை யாரும் தன்னில் மூழ்கியவர்கள் என்று சொல்லக்கூடாது. வலி அடங்கினால் கவனம் தானாக வெளியே வந்துவிடும். வலி போன பிறகும் நாக்கு அதே பல்லைத் தடவிக்கொண்டிருந்தால்தான் பேச்சு.

தன்னில் மூழ்கியவர் தன்னைக் காதலிக்கிறார் என்று ஒரு பொதுவான எண்ணம் உண்டு. பெரும்பாலும் நேர்மாறு. தன் குறைகளை எண்ணி எண்ணித் தேய்ந்துபோகிறவர், கூட்டத்தில் எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைத்து வியர்ப்பவர், சொன்ன ஒரு சொல்லை இரவெல்லாம் திருப்பிப் பார்க்கிறவர்: இவர்கள்தான் இந்தக் குழியில் அதிகம். இதற்குப் பேச்சிலேயே தடயம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் 'நான்' என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துவது செருக்கின் அடையாளம் என்று பலரும் நம்பினார்கள். 4,800-க்கும் மேற்பட்டவர்களின் பேச்சையும் எழுத்தையும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அலசிய ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. தன்மோகத்துக்கும் 'நான்' எண்ணிக்கைக்கும் சொல்லத்தக்க தொடர்பே அதில் தென்படவில்லை. மாறாக, மனச்சோர்வில் இருந்த கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளில் 'நான்' கூடுதலாக இருந்தது என்று 2004-இலேயே ஸ்டெபனி ரூடும் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர்கள் குழுவினரும் காட்டியிருந்தார்கள். வேதனைப்படுகிறவர்தான் 'நான்' என்று அதிகம் சொல்கிறார். (இந்த எண்ணும் வேலையைத் தமிழில் செய்யப் பார்த்தால் ஏமாந்துபோவோம். "போனேன், பார்த்தேன், வந்துவிட்டேன்" என்பதில் ஒரு 'நான்'கூட இல்லை, மூன்றும் நான்தான். தமிழில் வினைமுற்றின் வாலைப் பிடித்து எண்ணவேண்டும். 'எனக்கு', 'என்னை', 'என்' ஆகியவற்றையும் சேர்க்கவேண்டும்.)

கவனம் உள்ளே திரும்புவது ஏன் இவ்வளவு துன்பம்? ஷெல்லி டுவல், ராபர்ட் விக்லண்ட் இருவரும் 1972-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். எதிரே கண்ணாடி இருந்தாலோ, கேமரா பார்த்துக்கொண்டிருந்தாலோ, பதிவான தன் குரல் காதில் விழுந்தாலோ மனிதர் தன்னையே ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்குகிறார். பார்த்ததும் அளக்கத் தொடங்குகிறார்: இப்படி இருக்கவேண்டும், ஆனால் இப்படி இருக்கிறேன். இடைவெளி கண்ணில் படுகிறது, உறுத்துகிறது. அப்போது இரண்டு வழிதான்: இடைவெளியைக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் கண்ணாடியை விட்டு விலகவேண்டும். குறைக்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் நிற்பவர்தான் நம்முடைய ஆள்.

காணொளி அழைப்புகளில் இது கண்கூடு. திரையின் மூலையில் நம் முகம் தெரிந்துகொண்டே இருக்கிறது. நேரில் பேசும்போது யாரும் எதிராளியின் தோளில் கண்ணாடி மாட்டிவைப்பதில்லையே? பெரும்பாலான செயலிகளில் நம் படத்தை நமக்கு மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது. மற்றவர்களுக்கு நாம் வழக்கம்போலத் தெரிவோம். கேமரா சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு உடனே மறைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்வதிலேயே சுலபமான வேலை இதுதான்.

மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதாக நாம் போடும் கணக்கும் தப்புக்கணக்கு. தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், பாடகர் பேரி மேனிலோவின் படம் போட்ட பனியனை மாணவர்களை மாட்டவைத்து, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். வெட்கப்படவேண்டும் என்றே தேர்ந்தெடுத்த படம் அது. அறையில் எத்தனை பேர் படத்தில் இருப்பவரை அடையாளம் கண்டிருப்பார்கள் என்று கேட்டபோது, அணிந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கால்வாசியைத் தாண்டவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அவரவர் சட்டை பற்றிய கவலை இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு வீட்டுக்குள் நடப்பது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி இருவரும் 1979-இல், 37 தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் யார் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். பெரும்பாலான வேலைகளில் கணவர் சொன்ன பங்கையும் மனைவி சொன்ன பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. பீற்றிக்கொள்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் சண்டையைத் தொடங்குவது போன்ற கெட்ட காரியங்களிலும் இதே போக்கு இருந்தது. யாரும் பெருமைக்காகச் சண்டைக்காரர் பட்டத்தை ஏற்பதில்லை. காரணம் ஞாபகம்: நாம் செய்தது நமக்கு ஒவ்வொரு அசைவாக நினைவிருக்கிறது, அடுத்தவர் செய்தது முடிந்த வேலையாக மட்டும் கண்ணில் படுகிறது. கழுவிய பாத்திரம் தெரியும். கழுவிய அரைமணி நேரம் தெரியாது. அதனால் "எல்லாம் நான்தான் செய்கிறேன்" என்ற வாக்கியம் வாய்க்கு வரும்போது, கடந்த ஏழு நாளில் அடுத்தவர் செய்த பத்து வேலைகளைத் தாளில் எழுதிவிட்டுப் பிறகு சொல்லுங்கள். ஆறாவது வேலையில் பேனா நின்றால், அவர் செய்யவில்லை என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். நாம் பார்க்கவில்லை என்பதற்கும் அதே அளவு வாய்ப்பிருக்கிறது.

பேச்சில்தான் பிடிபடும்

தன்னில் மூழ்கியிருப்பதை அளக்க நல்ல இடம் உரையாடல். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் டெர்பர் 1979-இல் மறுமொழிகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பேச்சைத் தன் பக்கம் இழுப்பது. மற்றது, பேசுகிறவரிடமே பேச்சை விட்டுவைப்பது. ஒருவர் சொல்கிறார்: "நேத்து ராத்திரி அம்மா மாடிப்படியில தவறி விழுந்துட்டாங்க." இதற்கு ஒரு மறுமொழி: "ஐயோ, எங்க மாமியாரும் போன வருஷம் இப்படித்தான் விழுந்தாங்க. மூணு மாசம் நான் பட்ட பாடு இருக்கே!" இன்னொன்று: "ஐயோ, அடி பலமா? இப்ப யாரு கூட இருக்காங்க?" முதலாவதைச் சொன்னவர் கெட்டவரல்ல. உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது என்பதைத்தான் சொல்ல வந்தார். ஆனால் அடுத்த பத்து நிமிடம் மாமியாரைப் பற்றிப் போகும், விழுந்த அம்மா படியிலேயே கிடப்பார்.

தன் கதையைச் சொல்லவே கூடாது என்றில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்து தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் விடாதவர் காவல்துறை விசாரணை நடத்துவதுபோல் ஆகிவிடுவார்; எதிரே இருப்பவருக்குத் தான் மட்டும் திறந்துகிடப்பதாகக் கூச்சம் வரும். பழக்கவேண்டியது திரும்பி வரும் வழியை. தன் கதை மூன்று வாக்கியம், நான்காவது வாக்கியம் அவரிடம் திரும்பும் கேள்வி, அதுவும் அவர் சொன்ன ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டு: "எங்க வீட்லயும் இப்படி ஆச்சு, ராத்திரியிலதான் வலி அதிகமா இருந்துச்சு. உங்கம்மா ராத்திரி தூங்கினாங்களா?" இதில் தன் அனுபவம் அவருக்கு உதவும் கருவியாகிவிட்டது. மூன்று வாக்கியம் என்பது வேதவாக்கல்ல. எண்ணிக்கை ஒன்று கையில் இருந்தால்தான் எப்போது மீறுகிறோம் என்று தெரியும், அதற்காக.

தொடர்கேள்விக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. கேரன் ஹுவாங்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிட உரையாடலில் ஒரு சாராரைக் குறைந்தது 9 கேள்வியும் இன்னொரு சாராரை அதிகபட்சம் 4 கேள்வியும் கேட்கச் சொன்னார்கள். அதிகம் கேட்டவர்களையே எதிராளிகளுக்குப் பிடித்திருந்தது. கேள்விகளிலும் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்கும் தொடர்கேள்விதான் வேலை செய்தது. காரணம் எளிது: அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ள முடியாது. சொன்னதைக் காதில் வாங்கினால்தான் கேட்க முடியும். தமிழ் இந்த விஷயத்தில் கெட்டிக்கார மொழி. விசாரிப்பதற்கும் செவிமடுப்பதற்கும் 'கேள்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது.

காதில் வாங்காமல் போவதற்குப் பெரிய காரணம், அடுத்து என்ன சொல்லலாம் என்று உள்ளே ஒத்திகை பார்ப்பது. மால்கம் பிரென்னர் 1973-இல் இதைச் சோதித்தார். ஒரு குழுவை உட்காரவைத்து ஒவ்வொருவராகச் சொற்களைச் சத்தமாக வாசிக்கச் செய்து, பிறகு யாருக்கு எது நினைவிருக்கிறது என்று பார்த்தார். தன் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர்கள் வாசித்த சொற்கள்தான் பலருக்கும் நினைவில் இல்லை. கூட்டங்களில் வரிசையாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் பெயர் மறந்துபோவது இதனால்தான். அங்கே என்ன பேசவேண்டும் என்பதை முதல் ஆள் தொடங்குவதற்கு முன்பே ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டால் ஒத்திகைக்கு வேலை இல்லை. இருவர் பேசும் பேச்சில் எழுதி வைக்க முடியாது. அதனால் அவர் முடித்தபின் ஒரு மூச்சு விட்டு, பிறகு வாயைத் திறக்கலாம். அந்த ஒரு மூச்சு மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும்; பல சமயம் அவர் அந்த இடைவெளியில்தான் சொல்ல வந்த உண்மையான விஷயத்தைச் சொல்வார்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நன்றாகக் கேட்கவேண்டும் என்று முடிவெடுத்ததும், நான் நன்றாகக் கேட்கிறேனா, தலையாட்டுவது போதுமா, கண்ணைப் பார்க்கிறேனா என்று தன்னையே கண்காணிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணாடி மறுபடியும் வந்துவிட்டது. தலையாட்டலை விட்டுவிடுங்கள், அது தானாக நடக்கும். கவனத்துக்கு வெளியே ஒரு வேலை கொடுங்கள்: அவர் சொல்வதில் ஒரு பெயர், ஒரு நாள், இனி நடக்கவிருக்கும் ஒரு காரியம், இந்த மூன்றையும் பிடித்து வைப்பது. பேசி முடித்து ஒரு மணி நேரம் கழித்து மூன்றையும் குறித்துப் பார்க்கலாம். இனி நடக்கவிருக்கும் காரியம் என்பது முக்கியம், ஏனென்றால் அது முடிந்த மறுநாள் "என்ன ஆச்சு?" என்று விசாரிக்க அதுதான் வேண்டும். இப்படி நான்கைந்து பேச்சுக்குச் செய்தால், எந்த ஆளிடம் பேசும்போது தாள் வெறுமையாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அனேகமாக அது மிக நெருங்கியவராகத்தான் இருக்கும். புதியவர்களிடம் எல்லோரும் காது கொடுக்கிறோம்.

ஆலோசனை சொல்வதும் சில சமயம் மாறுவேடம்தான். எதிராளி சொல்லி முடிப்பதற்குள் தீர்வை நீட்டுகிறவருக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் கண். "யோசனை வேணுமா, கேட்டா போதுமா?" என்று ஒரு வரி கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதைவிடத் தந்திரமானது மன்னிப்பு. ஒருவரைக் காக்கவைத்துவிட்டு, "நான் எப்பவுமே இப்படித்தான், என்னால யாருக்கும் நல்லதே இல்ல" என்று புலம்பினால், காத்திருந்தவர்தான் ஆறுதல் சொல்லவேண்டியிருக்கிறது. காயம் பட்டவரே கட்டுப்போடும் கதை. மன்னிப்பில் இருக்கவேண்டியவை மூன்று: என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று, இனி என்ன செய்வேன். "ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு ஏழுக்கு வந்தேன். உங்களுக்கு ஒரு மணி நேரம் வீணாச்சு. இனிமே தாமதமாகும்னா அரைமணிக்கு முன்னாடியே சொல்லிடுவேன்." இவ்வளவுதான். நடுவேயான வாக்கியத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் அதைச் சொல்ல அடுத்தவர் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும். தாமதத்துக்கான காரணத்தை அவர் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

கவனத்தை நகர்த்தும் பயிற்சி

சிலருக்கு மேலே சொன்னதெல்லாம் போதாது. கவனம் இறுகிப்போய் நகரவே நகராது. அவர்களுக்கென்று உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் 1990-இல் ஒரு பயிற்சியை வகுத்தார். ஒருமுறைக்கு ஏறத்தாழ 12 நிமிடம். கண்ணைத் திறந்தபடி எதிரே ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தவேண்டும். சுற்றிலும் குறைந்தது ஆறு ஒலிகளாவது வேண்டும், வெவ்வேறு திசையிலிருந்தும் தூரத்திலிருந்தும்: மின்விசிறி, கடிகாரம், தெருவில் வண்டி, பக்கத்து அறைப் பேச்சு, தண்ணீர் சொட்டு, தாழ்ந்த குரலில் வானொலி. முதல் 5 நிமிடம் ஒவ்வோர் ஒலியாக எடுத்து, மற்றதை விட்டுவிட்டு அதை மட்டும் கேட்பது. அடுத்த 5 நிமிடம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் தாவுவது. கடைசி 2 நிமிடம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயல்வது. இது முழுதாகக் கைகூடாது, முயற்சிதான் பயிற்சி.

இதைத் தப்பாகப் பயன்படுத்துவது எளிது. மனம் கொதிக்கும்போது எண்ணங்களை விரட்ட இதைச் செய்கிறவர்கள் ஏமாற்றமடைவார்கள். மனம் ஓரளவு அடங்கியிருக்கும் நேரத்தில் செய்யவேண்டியது இது. தியானமும் அல்ல, அமைதி கிடைத்ததா என்று பார்த்தால் மறுபடியும் உள்ளேதான் பார்க்கிறோம். நடுவில் கவலை வந்தால் அதுவும் ஓர் ஒலி என்று விட்டுவிட்டு மின்விசிறிக்குத் திரும்பவேண்டும். பழகுவது ஒன்றே ஒன்று: கவனத்தை வைத்த இடத்திலிருந்து எடுக்க முடியும் என்பது.

தன்னைப் பற்றி யோசிப்பதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். தன்னை அதிகம் கவனிக்கிறவர்கள் தங்களைப் பற்றித் தெளிவாக அறிந்திருக்கவும் செய்கிறார்கள், அதிகம் துன்பப்படவும் செய்கிறார்கள் என்பது ஆய்வாளர்களை வெகுநாள் குழப்பியது. பால் டிராப்னெல், ஜெனிஃபர் கேம்ப்பெல் இருவரும் 1999-இல் முடிச்சை அவிழ்த்தார்கள்: ஒரே பெயரில் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஆர்வத்தால் தன்னை ஆராய்வது ஒன்று. அச்சத்தாலும் இழப்பாலும் நடந்ததையே அசைபோடுவது மற்றது. எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, பத்து நிமிடம் கழித்துப் புதிதாக ஏதாவது தெரிந்ததா என்று பார்த்தால் போதும். தெரிந்திருந்தால் தொடரலாம். அதே காட்சி நான்காவது முறை ஓடுகிறது என்றால், "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வியை "நாளைக்குக் காலையில் எதைச் செய்வது?" என்று மாற்றிவிட்டு எழுந்துபோக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அசைபோடுவது நிற்காமல், தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி. அந்த நிலையில் உள்ளவரைத் தன்னைப் பற்றியே நினைக்கிறார் என்று குறைசொல்வது, காய்ச்சல்காரரை உடம்பு ஏன் சுடுகிறது என்று அதட்டுவது மாதிரி.

தன்னில் மூழ்கியவரோடு வாழ்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். அவராகவே கவனிப்பார் என்று காத்திருந்து, கவனிக்காததற்கு முகம் சுளித்து, அந்தச் சுளிப்பையும் அவர் கவனிக்காமல் போய், மூன்று மாதம் கழித்து வெடிப்பதுதான் வழக்கமாக நடப்பது. குறிப்பு அவருக்கு எட்டாது. வெளிப்படையாக, நேரத்தோடு, அளவோடு கேளுங்கள்: "எனக்கு ஒரு பத்து நிமிஷம் வேணும். யோசனை எதுவும் வேண்டாம், கேட்டுக்கிட்டா போதும். இப்ப முடியலைன்னா ராத்திரி சாப்பிட்டதும்." அவர் நடுவில் தன் கதைக்கு இழுத்தால் "அதை அப்புறம் கேக்கறேன், இதை முடிச்சுடறேன்" என்று சொல்லலாம், கோபம் தேவையில்லை.

இதற்கு அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் யாரோடு இருக்கிறோம் என்பது தெரியும். தன்னில் மூழ்கியவர் திடுக்கிடுவார், கொஞ்சம் வெட்கப்படுவார், கேட்பார். மறுபடியும் மறப்பார், மறுபடியும் சொல்லவேண்டியிருக்கும். கேட்டதற்கே தண்டனை தருகிறவர், அதாவது பேசாமல் இருப்பது, நாலு பேர் முன்னால் கேலி செய்வது, பழைய உதவிகளைச் சொல்லிக்காட்டுவது என்று இறங்குகிறவர் வேறு ரகம். அவரிடம் இந்தக் கட்டுரையின் வழிகள் எதுவும் செல்லாது. ஒருமுறையில் முடிவுகட்டிவிடாதீர்கள். நான்கு வாரம், வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். போன வாரம் சொன்ன விஷயம் என்ன ஆயிற்று என்று அவராக ஒருமுறை விசாரிக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.